நுணல் என்றால் தவளைதானா?

நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழியைக் கேளாதவர் எம்மிடையே இருக்கமாட்டார்கள். வகுப்பிலே இதனைக் கற்பிக்கும்போது 'நுணல் - தவளை' என்று கரும்பலகையில் எழுதுவோம். மாணவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்வர். பரீட்சையிலும் அதற்குப் புள்ளி கிடைக்கும். அருஞ்சொற்பொருள் என்ற அளவில் அது பிழையன்று. ஆனால் பழமொழி நானூற்றைப் பாடிய முன்றுறை அரையனார், அந்த நுணல் எங்கே கிடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். குளத்திலன்று, கிணற்றிலுமன்று, மணலுக்குள் புதைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. மணலுக்குள்ளே தவளைக்கு என்ன வேலை? உரைநூல்களில் தேடுவதைவிட, பல்லேபொலையில் பங்குனிக் கடைசியில் பெய்யும் முதல் மழையில் தேடினால் இதற்கு விடை விரைவாகக் கிடைக்கும்.

பல்லேபொல, மாத்தளை மாவட்டத்தில் ஈரவலயத்துக்கும் உலர்வலயத்துக்கும் நடுவே அமைந்த ஊர். மிளகுக்கொடி, தென்னை, கொக்கோ, இடையிடையே வயல் என்று கிடக்கும் பூமி. மேனாட்டார் இளவேனிலை வருணிக்கும்போது பனி உருகுவதையும், தவளைகளும் 'நியூட்' எனப்படும் வால் உள்ள நீர்நில வாழ்விகளும் குளம் தேடி நடப்பதையும் எழுதுவார்கள். எமக்குப் பனியுமில்லை, நியூட்டுமில்லை. இலங்கையில் அந்த இனம் அறவே கிடையாது. எங்கள் இளவேனில் இடியோடு வருவது. பங்குனி, சித்திரை மாதங்களில் முற்பகல் முழுவதும் வெயில் கொளுத்தும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் மேகம் கறுக்கும். பொழுது சாய முன்னர் மழை கொட்டித் தீர்த்துவிடும். வானிலையாளர் இதனை இடைப்பருவ மழை என்பர்.

சில ஆண்டுகளாகப் பங்குனி முதல் ஆனி வரை, இரவுச் சாப்பாட்டின் பின் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வளவையும் வயற்கரையையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கண்டதையும் கேட்டதையும் எழுதிவைப்பது என் வழக்கம். தமிழ் வாத்தியாருக்குத் தவளைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அயலவர் பேசிக்கொள்வதும் காதில் விழாமலில்லை. முதல் மழை விழுந்த இரவில், காய்ந்து வெடித்துக் கிடந்த நிலத்திலிருந்து எருமைக்கன்று கத்துவது போன்ற கனத்த குரல் எழும். தேடிப் போய்ப் பார்த்தால் கைக்குள் அடங்கும் ஓர் உருண்டை உயிர். தவிட்டு நிற முதுகின் இருபுறமும் செங்கல் நிறத்தில் அகன்ற பட்டை. நேற்று வரை இது எங்கேயிருந்தது? மண்ணுக்குள்ளேதான். மழையில்லாத காலம் முழுவதையும் மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, இனம் பெருக்கவே மேலே வருகிறது.

அரையனார் கண்ட நுணல் இதே இனந்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளையொன்றைத் தம் கண்ணால் கண்டவர்களிடமிருந்தே அந்தப் பழமொழி பிறந்திருக்க வேண்டும். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடிய பேயனார், கார்காலம் தொடங்கியதற்கு அடையாளம் கூறும் பாட்டொன்றில் நுணலையும் தேரையையும் அருகருகே வைக்கிறார். நுணலின் உடம்பில் வரி உண்டு என்கிறார். அதன் ஒலிக்குப் பறை முழங்குவதற்கு உரிய வினைச்சொல்லைக் கொடுக்கிறார். தேரையின் ஒலிக்கு வேறொரு வினைச்சொல்லைக் கொடுக்கிறார். இரண்டையும் 'தவளை கத்தியது' என்று மொழிபெயர்த்து முடித்துவிட்டால் பாட்டில் என்ன மிஞ்சும்? இருட்டில் நின்று, இது இன்ன குரல், அது இன்ன குரல் என்று பிரித்தறிந்த ஒரு காதை நாம் இழந்துவிடுகிறோம். உயர்தர வகுப்பில் முல்லைத்திணைக்குக் கருப்பொருள் எழுதச் சொன்னால் பிள்ளைகள் மானும் முயலும் எழுதுகிறார்கள். நுணலை எழுதிய பிள்ளையை நான் இதுவரை காணவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'வாயால் கெடும்' என்கிறோமே, கத்தும்போது தவளையின் வாய் மூடியேயிருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையைத் தாண்டித் தொண்டைக்குக் கீழேயுள்ள பையை ஊதச் செய்கிறது. குரல் அங்கே பெருகுகிறது. கத்துவதும் பெரும்பாலும் ஆண்தான், பெண்ணை அழைக்க. அந்த அழைப்பு பாம்புக்கும் கேட்கும். ஆகவே பழமொழி பொய்யாகவில்லை. வாயைத் திறக்காமலே கெடுகிறது!

சித்திரைப் பிறப்பையொட்டி வேறொரு காட்சி. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தொங்கும் இலையில் சவர்க்கார நுரை போன்ற வெள்ளைக் கட்டி ஒன்று ஒட்டியிருக்கும். யாரோ உடுப்புத் தோய்த்துவிட்டு வீசியது என்றே நினைக்கத் தோன்றும். அது மரத்தவளையின் கூடு. முட்டைகளை நுரைக்குள் பொதிந்து, நீரின்மேல் தொங்கவிடுகிறது. சில நாட்களில் நுரை இளகி, வாற்பேத்தைகள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விழும். எங்கள் பக்கத்தில் சுவரில் ஒட்டும் இந்த மெலிந்த உயிரையும் தேரை என்பார்கள். மேலெல்லாம் சொறியுள்ள கனத்ததையும் தேரை என்பார்கள். சிங்கள அயலவரிடத்திலும் கெம்பா, மெடியா என்று இரண்டு சொற்கள் உண்டு. தேங்காய் உள்ளீடு இன்றிப் போனால் தேரை பார்த்தது என்று பழியைப் போடுகிறோம். தேரைக்கும் தேங்காய்க்கும் எந்தக் கணக்கும் இல்லை.

பழி சுமப்பதில் அரணை அதனிலும் மோசம். அரணை கடித்தால் உடனே மரணம் என்று எதுகைக்காகச் சொன்ன பொய், எத்தனை அரணைகளின் உயிரைக் குடித்திருக்கிறது! அதற்கு நஞ்சே கிடையாது. வேலியில் தலைசிவந்து நிற்கும் ஆண் ஓணான், மனிதரின் இரத்தத்தைத் தூரத்திலிருந்தே உறிஞ்சுவதாகக் கல்லெறிபடுகிறது. அந்தச் சிவப்பு, அதன் இணைசேரும் காலத்துக் கோலம், அவ்வளவுதான். பெண் ஓணான் மழையில் இளகிய மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும். வயலோரத்தில் தவளையைத் தேடிவரும் சாரையும் தண்ணீர்ப் பாம்பும் நஞ்சற்றவை. புடையன் அப்படியன்று. இரவிலே வயலுக்குப் போகிறவர்கள் கையில் வெளிச்சமும் காலில் பாதணியும் இல்லாமல் போகவேண்டாம் என்று இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

இனி, எங்கள் மாவட்டத்தின் கிழக்கே உயர்ந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைக்கு வருவோம். கல்லுக்குள் தேரைக்கும் உணவளிப்பவன் இறைவன் என்பது எம்மவர் வாக்கு. நீர் கசியும் பாறைப் பிளவில் தட்டையான உடம்போடு வாழும் ஒரு தவளை அங்கே உண்டு. அதன் வாற்பேத்தைகள் ஈரப்பாறையிலே ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. 1946இல் விலங்கியல் அறிஞர் பராக்கிரம கீர்த்திசிங்க அதனை உலகுக்கு அறிவித்தார். அந்த மலையை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. மூக்கின் நுனியில் இலைபோன்ற கொம்புடைய ஓணானும் அங்கேயே உண்டு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த மலைக் குடியானவர் அதற்கு முன் அதை எப்படி அழைத்தார்கள் என்று யாரும் கேட்டு எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

2002ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையிலே, மாதவ மீகஸ்கும்புரவும் அவருடைய தோழர்களும் இச்சிறு தீவில் நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உண்டு என்று காட்டியபோது உலகம் வியந்தது. அவற்றுட் பெரும்பாலானவை வாற்பேத்தைப் பருவமே இல்லாத சின்னஞ்சிறு புதர்த் தவளைகள். முட்டையிலிருந்து நேரே தவளைக்குஞ்சாகவே வெளிவருபவை. அவற்றுக்கு நீர்நிலை தேவையில்லை, காட்டின் ஈரம் போதும். காடு போனால் அவையும் போய்விடும். பழைய நூதனசாலைப் போத்தல்களில் மட்டும் இருந்து, காட்டிலே மறைந்துவிட்டனவாகக் கணிக்கப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 20.

காடு எப்போது போயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் பெரும்பகுதி போயிற்று. வெட்டச் சொன்னவர்கள் துரைமார். வெட்டிய கைகள், மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்து, வழியிலே செத்தவர் போக மிஞ்சிய எங்கள் முன்னோருடையவை. விழுகின்ற மரங்களுக்கிடையே அந்தத் தவளைகளைக் கடைசியாகக் கேட்டவர்களும் அவர்களாகவே இருந்திருப்பார்கள். கோடரி பிடித்த அந்த மனிதர் ஊரில் வயற்காட்டுக் குரல்களை அறிந்து வளர்ந்தவர். இந்தப் புதிய குரலைக் கேட்டு லயத்திலே ஏதேனும் ஒரு பெயர் சொல்லியிருக்கமாட்டாரா? அந்தச் சொற்கள் எங்கே? தெம்மாங்கையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்த நாம் இவற்றைத் தேடவில்லை. மாத்தளைத் தோட்டங்களில் இன்றும் எண்பது வயது தாண்டியவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கொப்பியோடு போய் உட்காரலாம். இந்த விடுமுறையிலேயே போகலாம்.

போனவை எல்லாம் போயே போய்விடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. இந்நாட்டிலேயே பிறந்த வைத்தியரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட், 1853இல் பச்சை உடம்பில் விண்மீன் சிதறியது போன்ற புள்ளிகளுள்ள தவளையொன்றை விவரித்தார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கண்டவரில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதினார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் அகப்பட்டது. பட்டியலில் செத்துப்போயிருந்த காலமெல்லாம் அது அங்கே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் மழை தளரும். காற்று எழும்பும். முற்றத்துப் பள்ளங்களில் நீர் வற்றுவதற்குள் வாற்பேத்தைகளுக்குக் கால் முளைத்தாக வேண்டும், எல்லாவற்றுக்கும் முளைப்பதில்லை. ஆனி மாதம் நுணலின் குரலைக் கேட்கமாட்டீர்கள். பின்னங்காலின் அடியில் மண்வெட்டி போன்ற ஒரு தடிப்பு அதற்கு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்புறமாகவே அது கீழிறங்கும். முகம் கடைசியாகத்தான் மறையும். அடுத்த மழை ஐப்பசியில்.