பதினான்கு ஆம்பூல்கள்

இன்று பட்டம் பெறும் செவிலியப் பிள்ளைகளே, கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் இவர்களைப் படிக்கவைத்த பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சுகாதாரத் துறை அலுவலர்களே,

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பிரசவ அறையில் கழிந்தது. ஆகவே வாழ்க்கை, வெற்றி, இலட்சியம் என்று பொதுவாகப் பேசாமல், பிரசவ அறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று உங்கள் முதல்வரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். உங்களில் பலர் ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ இரவு டியூட்டியில் தனியாக நிற்கப் போகிறீர்கள். அந்த இரவுக்கு உதவுகிற விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

இந்த ஊரில் இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. இந்த மேல்சித்தாமூருக்கு மேற்கே செஞ்சி, கிழக்கே திண்டிவனம். அந்தத் திண்டிவனத்தில் 1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு, அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒருவர் பின் ஒருவராக மூன்று கணவர்கள் வந்து தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மூன்றாமவர் இன்னோர் இந்துக் குடும்பத்துக்காரர். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவரின் மகள் ஐடாவைத்தான் மூவரும் கூப்பிட்டார்கள். ஐடா மருத்துவம் படிக்காதவர். அப்பாவை அனுப்புகிறேன் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லாமல் வந்திருந்த ஐடா ஸ்கடர், அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். வேலூரில் 1902-இல் மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்ததுதான் இன்றைய சி.எம்.சி. அதை வேலூரின் பெருமை என்கிறோம். அதற்குக் காரணமான மூன்று பெண்களும் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களை யாரும் நினைப்பதில்லை. மருத்துவப் பள்ளிக்கு ஒன்பது ஆண்டு முன்பே ஐடா செவிலியர் பள்ளியைத் தொடங்கினார் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இன்று நிலைமை வேறு. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2001-03-இல் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதற்குமான எண்ணிக்கை 97. இது தானாக நடந்துவிடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிபி பார்த்து, ரத்த சோகைக்கு மாத்திரை கொடுத்து, பதிவேட்டில் எழுதி வைத்த கிராம சுகாதார செவிலியர்கள் இதைச் செய்தார்கள். மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிஃப்ட் முறையில் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்து வைத்தது இதைச் செய்தது. அவசர மகப்பேறு சிகிச்சைக்கான சீமாங்க் மையங்களும், 2008-இல் ஓடத் தொடங்கிய 108 வண்டிகளும் செய்தன.

கர்ப்பிணிப் பெண் சாவதற்குக் காரணமாகும் தாமதங்கள் மூன்று என்று தேடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம் முதலாவது. போய்ச் சேரும் தாமதம் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பிறகு, உள்ளே சரியான சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது. முதல் இரண்டையும் நம் மாநிலம் பெருமளவு வென்றுவிட்டது. வீட்டில் பிரசவம் பார்க்கும் காலம் போய்விட்டது என்றால், இனி ஒரு தாய் இறந்தால் அவள் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வந்த பிறகுதான் பெரும்பாலும் இறப்பாள். மூன்றாவது தாமதம் நம் கையில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான்: அவசரம் வருகிற நேரத்தில் செய்வதைவிட, ஒன்றும் நடக்காத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீங்கள் செய்துவைப்பதுதான் அந்தத் தாமதத்தைக் குறைக்கும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றி வலிப்பு வருகிறது. எக்லாம்ப்சியா என்று படித்திருப்பீர்கள், நம் ஊரில் ஜன்னி என்பார்கள். மருந்து மெக்னீசியம் சல்ஃபேட். விலை குறைவு, பழைய மருந்து. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட மேக்பை ஆய்வு, ரத்தக்கொதிப்பு உள்ள தாய்மாருக்கு இதைக் கொடுத்தால் வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே குறைகிறது என்று காட்டியது. பரீட்சையில் இதை எல்லோரும் சரியாக எழுதியிருப்பீர்கள். கையால் செய்யும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். நம் ஸ்டோரில் கிடைக்கும் ஆம்பூல் ஒன்றில் இரண்டு மில்லி, அதாவது ஒரு கிராம். முதல் தவணையை முழுதாகக் கொடுக்க, நரம்பில் போட நாலு கிராம், இரண்டு பக்கப் பிட்டத்திலும் ஐந்து ஐந்து கிராம். மொத்தம் பதினான்கு ஆம்பூல். நாலு ஆம்பூலை உடைத்து எட்டு மில்லி எடுத்து, அதோடு 12 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து, இருபது மில்லி சிரிஞ்சில் ஏற்றி மெதுவாகச் செலுத்த வேண்டும். அப்புறம் இன்னும் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். எதிரே தாய் வெட்டி வெட்டி இழுக்கிறாள், பல்லுக்கிடையே நாக்கு, வாசலில் அவள் மாமியார் அலறுகிறார். அந்த நேரத்தில் டிரேயில் ஆறு ஆம்பூல்தான் இருக்கிறது, மிச்சம் ஸ்டோரில், ஸ்டோர் சாவி பார்மசிஸ்ட் வீட்டில் என்றால்?

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒரு மருத்துவமனையில் இது நடந்தபோது அருகில் இருந்தேன். பெயர் வேண்டாம். மருந்து அந்தக் கட்டடத்துக்குள்ளேயே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் கணக்கும் சரியாக இருந்தது. பூட்டுக்குப் பின்னால் இருந்தது, அவ்வளவுதான். அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள். அதை நான் தெய்வாதீனம் என்றுதான் சொல்வேன்.

ஆகவே எக்லாம்ப்சியா டிரே என்றால் பதினான்கு ஆம்பூலும், 20 மில்லி சிரிஞ்சும், நீளமான ஊசியும், மருந்து அதிகமாகிவிட்டால் முறிக்கக் கால்சியம் குளுகோனேட்டும் ஒன்றாக ஒரே தட்டில் இருக்க வேண்டும். கலக்கும் அளவு பெரிய எழுத்தில் தட்டின் மூடியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முழங்கால் துடிப்பு, மூச்சு, சிறுநீர் அளவு மூன்றையும் பார்த்து எழுத ஒரு தாள் கூடவே இருக்க வேண்டும்.

உதிரப்போக்கைப் பற்றியும் இதே கண்ணோடு யோசியுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கில் தாயைக் காப்பாற்ற நமக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு; சில சமயம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆக்ஸிடோசின் ஊசி எல்லா லேபர் ரூமிலும் இருக்கிறது. ஆனால் அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. செஞ்சிப் பாறைகள் தகிக்கிற அக்கினி நட்சத்திரத்தில், ஜன்னல் ஓரத் தட்டில் கிடந்த ஆம்பூலை எடுத்துக் குத்தினால் கர்ப்பப்பை சுருங்காமல் போகலாம். நீங்கள் மருந்து கொடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள். கரன்ட் போனபோது ஃபிரிட்ஜ் எத்தனை மணி நேரம் நின்றது என்று யார் பார்க்கிறார்கள்? அதைப் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதுதான்.

ரத்தம் எவ்வளவு போனது என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும் ஏமாற்று. துணியில் ஊறியது, தரையில் வழிந்தது, ஆயாம்மா துடைத்துவிட்டது எல்லாம் கணக்கில் வராது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாலு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. தாயின் இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, ரத்தத்தை அதில் சேகரித்து அளந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் வயிற்றைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப்ஸ், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் உதிரப்போக்கு முதலான பெரும் ஆபத்துகள் 60 விழுக்காடு குறைந்தன. கண்ணால் பார்த்து மதிப்பிட்ட இடங்களில் ஏறக்குறைய பாதி உதிரப்போக்குகளைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அளந்த இடங்களில் நூற்றுக்கு 93. அந்த மருந்துகள் எல்லாம் ஏற்கெனவே இருந்த பழைய மருந்துகள்தாம்.

இன்னொரு மரணத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் என்ற பல் மருத்துவர், நம் பக்கத்துக் கர்நாடகத்துப் பெண், 17 வார கர்ப்பம் கலையும் நிலையில் சேர்ந்தார். ஒரு வாரத்தில் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி இறந்தார். அவர் கேட்ட கருக்கலைப்பு மறுக்கப்பட்டிருந்ததால் அந்நாட்டுக் கருக்கலைப்புச் சட்டம் பெரும் விவாதமாகி, 2018-இல் மக்கள் வாக்கெடுப்பு வரை போனது. அவர் மரணத்தை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவர் சபாரத்தினம் அருள்குமரன். அவர் குழு சட்டத்தோடு நிற்கவில்லை. சேர்ந்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை, நாடியும் காய்ச்சலும் பிபியும் பார்க்க வேண்டிய இடைவெளியில் பார்க்கப்படவில்லை என்று எழுதியது. வசதிகள் நிறைந்த ஆஸ்பத்திரி அது. நாடியைப் பிடித்து, எண்ணி, தாளில் எழுதி, எண் ஏறினால் கூப்பிட்டுச் சொல்லும் வேலை அங்கே தவறியது. அந்த வேலை செவிலியர் வேலை. டாக்டர் எரிந்து விழுவாரே என்று தயங்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் போட்டு, "நாடி 120, பிபி 90, ரத்தம் நிற்கவில்லை, நீங்கள் இப்போது வர வேண்டும்" என்று மூன்று விவரம் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள். பயமாக இருக்கிறது, வாருங்கள் என்றால் வரமாட்டார்கள். எண்ணைச் சொன்னால் வருவார்கள்.

இதற்கெல்லாம் ஒத்திகை வேண்டும். நாடகத்துக்கே ஒத்திகை பார்க்கிறோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனை ஒன்றில் டாக்டர், நர்ஸ் எல்லோரும் சேர்ந்து ஆண்டுதோறும் அவசர ஒத்திகை செய்தார்கள். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவங்களில், குழந்தையின் கை பாதிக்கப்படுவது பெருமளவு குறைந்தது. இதற்குப் பெரிய பொம்மையோ அரங்கமோ தேவையில்லை. உங்களில் ஒருத்தி மேசையில் படுத்துக்கொள்ளட்டும், ஒருத்தி உதவிக்குக் குரல் கொடுக்கட்டும், ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து எழுதட்டும். முதல் ஒத்திகையிலேயே, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கின் மாஸ்க் கிழிந்திருப்பதும், சுவரில் எழுதிய ஃபோன் நம்பர் மாற்றலாகிப் போன டாக்டருடையது என்பதும் தெரிந்துவிடும்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்ப நேர்ந்தால், வண்டியில் ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. முதல் தவணை மருந்து இங்கேயே கொடுத்தாக வேண்டும். இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஊசி. என்ன மருந்து, எத்தனை மணிக்கு, ரத்த வகை என்ன என்பது ரெஃபரல் சீட்டில். வண்டி கிளம்பும் முன் அந்த ஆஸ்பத்திரிக்கு ஃபோன். சீட்டில் "மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று மட்டும் எழுதி அனுப்புவது, முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கு என்று அவர்களிடம் சொல்வதற்குச் சமம்.

மேசையில் படுத்திருப்பவளிடமும் பேசுங்கள். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் ஊர் இது. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்று நான்கு தானங்களைச் சமணம் உயர்த்திச் சொல்லும். மருந்தும் அபயமும் ஒரே கையால் கொடுக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று நம் அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே அனுமதித்தார்கள். அந்த அம்மாவை வெளியே விரட்டாதீர்கள். ரத்தம் அதிகமாகப் போகிறது என்று முதலில் கவனிப்பவர் பல நேரம் அவர்தான்.

மேடையில் இருக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தாய் மரணத்தையும் கட்டாயமாக ஆராய்வது தமிழ்நாடு நாட்டுக்கே காட்டிய வழி. இறந்தவளின் குடும்பத்தாரை ஆட்சியர் முன்னால் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று அவர்கள் வாயால் கேட்கும் முறை அதில் அடக்கம். யார் மேல் பழி போடலாம் என்று தேடாமல், எங்கே ஓட்டை என்று தேடுவதற்காக அது ஏற்பட்டது. அந்தக் கூட்டம் நர்ஸுக்கு மெமோ கொடுக்கும் கூட்டமாக மாறினால், அடுத்த முறை கேஸ் ஷீட்டில் உண்மை இருக்காது. இரவில் ஒரே நர்ஸிடம் லேபர் ரூம், வார்டு, பச்சைக்குழந்தை, வெளிநோயாளி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு மூன்றாவது தாமதத்தைப் பற்றிப் பேசுவது நியாயமும் இல்லை. காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். இந்தப் பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, வேலையில் சேரும் முதல் நாள் கையெழுத்துப் போட்ட கையோடு லேபர் ரூமுக்குப் போங்கள். எமர்ஜென்சி டிரேயைத் திறந்து ஆம்பூல்களை எண்ணுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். ஆம்பு பேக்கை உங்கள் உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். ஸ்டோர் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். ரத்த வங்கி நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். குறை இருந்தால் அன்றைக்கே இன்டென்ட் போடுங்கள். கிடைக்காவிட்டால் மறுபடி போடுங்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள்.