கர்நாடகத்தின் நிதிச் சீரமைப்பு

அரசு கடன் வாங்குவதே தவறு என்று பொருளாதாரம் கூறவில்லை. அணை கட்டவும் சாலை அமைக்கவும் வாங்கிய கடனுக்கு ஈடாக ஒரு சொத்து நிற்கும். சம்பளமும் ஓய்வூதியமும் வழங்க வாங்கிய கடனுக்கு ஈடாக வட்டிச் சுமை மட்டுமே நிற்கும். அன்றாடச் செலவு வருவாயை மிஞ்சும்போது ஏற்படும் இந்நிலையே வருவாய்ப் பற்றாக்குறை எனப்படுகிறது.

1990-களின் இறுதியில் கர்நாடகம் இந்நெருக்கடியில் சிக்கியது. மத்திய அரசின் ஐந்தாவது ஊதியக் குழுவைத் தொடர்ந்து மாநிலங்களின் சம்பளச் செலவு உயர்ந்தது. பாசன பம்பு செட்டுகளுக்கு வழங்கிய மின்சாரத்தின் செலவு வசூலாகவில்லை. அந்த இழப்பையும் கருவூலமே தாங்க நேர்ந்தது. வட்டி வளர வளர, பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எஞ்சுவது குறையும் அல்லவா?

சட்டமும் நிர்வாகமும்

1999-இல் இயற்றிய சட்டம், அரசு அளிக்கும் கடன் உத்தரவாதங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. கணக்கில் தெரியாது வளரும் கடனுக்கு இது கடிவாளமாயிற்று. 2002-இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் நிறைவேறியது. இத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் கர்நாடகமே. 2006 மார்ச் இறுதிக்குள் வருவாய்ப் பற்றாக்குறையை அறவே நீக்குதல், நிதிப் பற்றாக்குறையை மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்திற்குள் அடக்குதல் ஆகியன அதன் இலக்குகள். இடைக்கால நிதித் திட்டத்தை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைப்பதும் கட்டாயமாயிற்று.

சட்டம் மட்டும் பணம் ஈட்டித் தராது. 'கஜானே' என்னும் கணினித் திட்டம் இருநூறுக்கும் மேற்பட்ட கருவூலங்களை இணைத்து, செலவை உடனுக்குடன் கண்காணிக்க வழி செய்தது. 2005 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. பெங்களூருவைச் சார்ந்த தொழில் வளர்ச்சியும் வரி வருவாய்க்குத் துணைநின்றது. சட்டம் குறித்த காலத்திற்கு முன்பே, 2004-05-இல், வருவாய்க் கணக்கில் உபரி தோன்றியது.

இன்றைய சோதனை

கொரோனாத் தொற்றையொட்டி 2020-இல் நிதிப் பற்றாக்குறை வரம்பு 5 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்குச் சுமார் 52,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வருவாய்ப் பற்றாக்குறை 27,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்டது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், தாமே வரி விகிதம் நிர்ணயிக்கும் உரிமை மாநிலங்களுக்குப் பெரிதும் குறைந்துவிட்டது.

மக்கள் நலச் செலவு தேவையற்றது என்பது இதன் பொருளன்று. அதற்கான வருவாயையும் அதே ஏட்டில் காட்ட வேண்டும் என்பதே நிதிப் பொறுப்புடைமை. இன்றைய சலுகைக்கான விலையை நாளைய தலைமுறை செலுத்த நேர்ந்தால், அது நலத்திட்டம் ஆகாது. கடன் மாற்றமே ஆகும்.