டிரையர் நின்றால் யார் தலையில் விழும்?



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியல்ல, இஸ்டோர் மெசின்களைப் பற்றிப் பேசப்போகிறோம். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மழையிலும் அட்டைக்கடியிலும் அதைப் பறிப்பது நாம். ரோலரில் அரைபட்ட கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. அந்த நேரம் பார்த்து டிரையர் நின்றால், கொழுந்து அளவுக்கு மீறிப் புளித்துச் சாயம் மங்கும். கொழும்பு ஏலத்தில் விலை விழும். பிறகு நாம் பேச்சுவார்த்தைக்குப் போனால், "தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது" என்ற கணக்கு மேசைக்கு வரும். மெசின் ஏன் நின்றது என்ற கணக்கு மட்டும் வராது.

வருசத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விமானக் கம்பனிகளும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தன. அமெரிக்காவின் யுனைட்டட் எயார்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இருவர் 1978இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயதாக ஆகப் பழுதாகும் வகை. 68 சதவீதமோ பூட்டிய புதிதில்தான் அதிகம் பழுதாகும் வகை. அதாவது, நன்றாக ஓடுவதைத் தேவையில்லாமல் கழற்றினால் நாமே பழுதை உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம்.

இதைக் கேட்டால் நிர்வாகம், "அப்படியானால் செலவைக் குறைக்கலாம்" என்று சந்தோசப்படும். விசயம் அதுவல்ல. பெயாரிங் சூடேறுகிறதா, பெல்ட் தளர்கிறதா, சத்தம் மாறுகிறதா என்று நாளாந்தம் பார்த்து, அறிகுறி தெரிந்தவுடனே மாற்றவேண்டும். அந்தச் சத்தம் முதலில் யார் காதில் விழும்? ரோலர் பக்கத்தில் நிற்கும் நம் ஆளின் காதில். அவர் சொல்லத்தான் செய்கிறார், எழுதிவைக்க ஆளில்லை.

ஆகவே இஸ்டோரில் ஒரு கொப்பி கேட்கிறோம். எந்த மெசின், எப்போது நின்றது, எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன தெரிந்தது. ஒரு ரோலர் 600 மணித்தியாலம் ஓடி 4 தடவை நின்றால், சராசரியாக 150 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. பிறகு அது 300 ஆனால் செய்த வேலை பலித்திருக்கிறது. 80க்கு இறங்கினால், புதுப் பாகத்துக்குக் காசு ஒதுக்கச் சொல்லி கொப்பியை விரித்துப் பேசலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குத்தான் இது.

இன்னொரு வகைப் பழுது இருக்கிறது. நமக்கு அதுதான் பெரிது. ரோலர் நின்றால் எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் மெசினை நிறுத்தும் சுவிட்ச் செத்துப்போனால் யாருக்கும் தெரியாது, பெல்ட்டில் ஒருவர் கை மாட்டும் நாள் வரைக்கும். வாராவாரம் அழுத்திப் பார்த்தால் மட்டுமே அது தெரியவரும். ஆபத்தான பாகங்களை மறைத்துவைக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பழுதுபார்த்தபின் மூடியைத் திருப்பிப் பூட்டாமல் விட்டிருந்தால், அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அதுவும் கொப்பியில் ஏறவேண்டும்.

கொப்பி தமிழில் இருக்கட்டும். டீமேக்கருக்குச் சிங்களத்தில் வேண்டுமானால், எழுதிக்கொடுக்கும் வேலையை பள்ளிக்கூடத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.