சைக்கிளில் பிள்ளை, காரில் நாம்: பொறுப்பு யாருக்கு?

சிம்பாங் அம்பாட் தாமான்களில் மாலையானால் பிள்ளைகள் சைக்கிளோடு சாலைக்கு வந்துவிடுகிறார்கள். வேலை முடிந்து கார்கள் திரும்புவதும் அதே நேரத்தில்தான். மோதல் நடந்தால் "தப்பு யார் மேல்?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். சட்டத்தில் அது இரண்டு கேள்வி.

முதலாவது, ஓட்டுநர் குற்றவாளியா என்பது. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில், 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும் மாற்றியமைத்த சைக்கிள்களில் வந்த 8 சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். காரோட்டிய 22 வயதுப் பெண் மீது, மரணம் விளைவிக்கும் வகையில் காரோட்டியதாக 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் 41(1) பிரிவின் கீழ் வழக்கு. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் அவரை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 6 ஆண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டே குறைபாடானது என்று கூறி அவரை விடுதலை செய்தது. குற்ற வழக்கில் சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அது அவ்வளவு கடினம்.

இரண்டாவது, இழப்பீடு. இது சிவில் வழக்கு. யார் பக்கம் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது என்பதே இங்கே அளவுகோல். ஓட்டுநருக்குத் தண்டனை கிடைக்காவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். பணம் பெரும்பாலும் அவருடைய கட்டாயக் காப்புறுதியிலிருந்து வரும். பிள்ளை மீதும் கவனக்குறைவு இருந்தால் அந்தப் பங்கு கழிக்கப்படும். உதாரணத்துக்கு, இழப்பீடு 1 லட்சம் ரிங்கிட், பிள்ளையின் பங்கு 30 விழுக்காடு என்றால், 70,000 கிடைக்கும். ஆனால் சின்னப் பிள்ளையிடம் பெரியவர்களின் நிதானத்தை நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை.

பெற்றோர்களே, சாலையோரத்தில் நீட்டப்படும் சில நூறு வெள்ளியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உள்காயம் பிறகு தெரியலாம். போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை சார்பில் வழக்குத் தொடுத்துச் சமரசம் செய்தாலும் நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். உயிரிழப்பு என்றால், குடும்பத்தார் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கெடு ஓடிவிடும். ஜொகூர் வழக்கு முடிய 6 ஆண்டுகள் ஆனதை நினைத்துப் பாருங்கள்.

ஓட்டுநர்களே, நில்லுங்கள், உதவுங்கள், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யுங்கள். அது சட்டக் கடமை. பயந்து ஓடினால், தப்பில்லாதவரும் குற்றவாளி ஆகிவிடுவார்.