பெருநாள் சோறும் சமைத்த கரங்களும்

(ரமளானின் கடைசி ஜும்ஆவில் ஆற்றிய உரை)

 



29-ஆம் நோன்பு திறந்தபின் வரும் இரவை எண்ணிப் பாருங்கள். நாளை பெருநாளா, 30-ஆம் நோன்பா என்பது பிறைத் தகவல் வரும்வரை எவருக்கும் தெரியாது. நாம் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறோம், கைபேசியைப் பார்க்கிறோம். வீட்டுப் பெண்களோ இரண்டுக்கும் சேர்த்து ஆயத்தமாகிறார்கள். நோன்பு என்றால் ஸஹருக்குச் சோறு வேண்டும். பெருநாள் என்றால் வட்டலப்பத்திற்கு முட்டை அடித்து, தேங்காய் துருவிப் பால் பிழிந்தாக வேண்டும்; இடியாப்பம் பிழிய வேண்டும்; கறிக்கு மசாலா அரைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து தக்பீர் முழங்கியதோடு நம் வேலை முடிகிறது. அவர்கள் வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. (பிறை விவாதத்தை நள்ளிரவு வரை நீட்டிக்கும் நண்பர்கள், அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் சற்றுக் கவனிப்பார்களாக!)

காலையில் குளித்து, புத்தாடை உடுத்தி, அத்தர் பூசித் தொழ வருகிறோம். குத்பா கேட்டு, முஸாஃபஹா செய்து வீடு திரும்பினால் எல்லாம் தயாராக இருக்கிறது. ஸஹனைச் சுற்றி அமர்கிறோம். முதல் கவளம் உள்ளே போனதும் வெளியே வரும் சொல் என்ன? உப்புத் தூக்கல்! வட்டலப்பம் இறுகவில்லை! எங்கள் உம்மா வைக்கும் ஆணம் இப்படியா இருக்கும்! மருமகனும் சம்பந்தியும் அமர்ந்திருக்கும் விரிப்பில் இச்சொல் விழும்போது, கதவுக்கு அப்பால் இன்னும் ஒரு வாய் கூட உண்ணாமல் நிற்பவளின் மனம் என்ன பாடுபடும்?

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒருமுறை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என வீட்டாரிடம் கேட்டார்கள். காடியைத் தவிர வேறில்லை. அதையே வரவழைத்து, உண்டவாறே அதைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஜாபிர் (ரலி) வாயிலாக முஸ்லிமில் வரும் செய்தி இது. காடி கறியைவிட உயர்ந்தது என்பதற்காக அல்ல, இருப்பதை எடுத்து வைத்தவரின் மனம் குளிர வேண்டும் என்பதற்காகவே அப்புகழ் என்று இமாம் இப்னுல் கய்யிம் போன்றோர் விளக்கம் தருகிறார்கள். காடிக்கே அப்படியென்றால் நெய்ச்சோற்றுக்கு?

நாம்தான் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோமே, போதாதா எனக் கேட்போர் உண்டு. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்னும் கருத்தில் அபூதாவூத், திர்மிதீயில் ஹதீஸ் வந்துள்ளது. அரபு மொழியில் நன்றி மறத்தலைக் குறிக்கும் சொல்லின் வேர்ப்பொருள் மூடி மறைத்தல் என்பதாகும். வயிறார உண்டுவிட்டு வாய்மூடி எழுந்து போவதும் ஒருவகையில் மறைத்தல்தானே!

மனத்துக்குள் நன்றி இருக்கிறது, சொல்லத்தான் கூச்சம் என்பதும் சமாதானம் ஆகாது. ஒரு தோழரைத் தாம் நேசிப்பதாகக் கூறியவரிடம், அதை அவரிடமே சொல்லிவிட்டீரா எனக் கேட்டு, சொல்லி வருமாறு அனுப்பி வைத்தார்கள் நபிகளார் (ஸல்). மனைவியிடமும் தாயிடமும் ஜஸாக்கல்லாஹு கைரன் என்று பிள்ளைகள் காதில் விழும்படிச் சொல்வதில் என்ன குறைந்துவிடும்?

பணியாளர் உணவு கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்த வேண்டும், இயலாவிடில் ஓரிரு கவளமேனும் கொடுக்க வேண்டும். சமையலின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரல்லவா என்பதும் நபிமொழியின் கருத்தே. பெருநாளன்று நம் வீட்டில் அண்டா கழுவும் பெண் எந்த மதத்தவராயினும், மாலையில் மிஞ்சியதை வழித்துக் கொடுக்காமல், சட்டி திறந்தவுடனே அவர் பங்கை எடுத்து வையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் பணமும் தந்தவர்களின் பெயர்களை ஆண்டறிக்கையில் அச்சிடுகிறோம், மகிழ்ச்சி. மாதம் முழுவதும் அடுப்பருகே நோன்போடு நின்று அதைக் காய்ச்சியவரோ செலவுக் கணக்கில் சமையல் கூலி என்று ஒரு வரியாக மட்டும் இருக்கிறார். கூலிதான் கொடுத்தாயிற்றே என்பது பதிலாகாது. இவ்வாண்டு மலரில் அவர் பெயரும் இடம்பெறட்டும். அதுவரை காத்திராமல், இன்று அஸருக்குப் பின் தூக்குச்சட்டியோடு அனுப்பும் நம் பிள்ளைகளிடம், அவருக்கு முதலில் ஸலாம் சொல்லிவிட்டுக் கஞ்சி வாங்கி வரச் சொல்லுங்கள்.