பெட்டியில் இல்லாத ஒபேராக்கள்



பழைய மேற்கத்திய செவ்வியல் இசைத்தட்டுகளைத் தூசு தட்டி, ஒலியைச் சீராக்கி, தடித்த புத்தகத்தோடு பெட்டியில் போட்டு விற்பது இன்று பெரிய வணிகம். 1950களை ‘பொற்காலம்’ என்றே விளம்பரம் செய்கிறார்கள். யாருக்குப் பொற்காலம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம்.

2021இல் சோனி நிறுவனம் மரியன் ஆண்டர்சனின் பதிவுகளை 15 குறுந்தட்டுகளாக வெளியிட்டது. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக அவர் பாடிய அனைத்தும் அதில் உண்டு. 1897இல் பிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். இசைப் பள்ளி நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியது. தேவாலயத்து மக்கள் காசு சேர்த்துப் படிக்க வைத்தார்கள். 1939இல் வாஷிங்டன் அரங்கம் ஒன்று கதவடைத்ததும், லிங்கன் நினைவகப் படிகளில் நின்று 75,000 பேர் முன் அவர் பாடியதும் உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். அதை விட்டுவிடுகிறேன்.

நான் பேச வந்தது அந்தப் பெட்டியில் இல்லாததைப் பற்றி. ஒபேராக்களிலிருந்து தனிப்பாடல்கள் சில இருக்கின்றன. முழு ஒபேரா ஒன்றுகூட இல்லை. ஏன்? மேடையில் ஏற்றியிருந்தால்தானே பதிவு செய்ய! 1920களிலிருந்தே அவர் குரலை இசைத்தட்டில் விற்றார்கள். வெள்ளையர் வீட்டு வரவேற்பறையில் அந்தக் குரல் சுழன்றது. குரலுக்கு உடம்பு இல்லை, பக்கத்து இருக்கையில் வந்து உட்காராது. அதனால் தொல்லையில்லை. அந்தக் குரலுக்குரிய மனுஷி 1937இல் பிரின்ஸ்டன் நகரில் கச்சேரிக்குப் போனபோது விடுதியில் அறை கிடைக்கவில்லை. ஐன்ஸ்டைன்தான் தன் வீட்டில் தங்க வைத்தார்.

1883இல் தொடங்கிய நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஒபேரா அரங்கம், 1955 ஜனவரி 7 அன்றுதான் அவரை மேடையேற்றியது. அந்த மேடையில் தனி வேடமேற்றுப் பாடிய முதல் கறுப்பினப் பாடகர் அவர். அப்போது வயது 57. கொடுத்த வேடம் எது தெரியுமா? வெர்டியின் ‘முகமூடி நடன’ ஒபேராவில் குறி சொல்லும் உல்ரிகா. ஒரே காட்சியோடு முடிந்துவிடும் பாத்திரம். கதை பாஸ்டனில் நடப்பதாக அமைந்த மூல உரையில், உல்ரிகாவை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்லும் நீதிபதி அவளுடைய கறுப்பர் இரத்தத்தையே அசுத்தம் என்கிறான். 72 ஆண்டு காத்திருந்து திறந்த கதவுக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

அந்த மாதமே இந்த ஒபேராவின் சில பகுதிகளை, மித்ரோபூலோஸ் இசைநடத்துநராக, ஒலிப்பதிவு செய்தார்கள். அது பெட்டியில் இருக்கிறது. கேட்டால் குரல் தளர்ந்திருப்பது தெரியும். வரலாற்றுச் சிறப்பு என்று சொல்லி அந்தத் தளர்ச்சியைப் பூசி மெழுக நான் தயாரில்லை. 1945இல், 48 வயதில், பியர் மாண்ட்யூ நடத்த அவர் பாடிய பிராம்ஸின் ‘ஆல்ட்டோ ராப்ஸடி’யைக் கேளுங்கள். கீழ்ச்சுருதியில் அந்தக் குரல் என்ன அகலம், என்ன நிதானம்! அந்தக் குரலுக்கு வெர்டி எழுதிய பெரிய வேடங்கள் இருந்தன. இரண்டு பதிவுகளுக்கும் நடுவிலுள்ள பத்தாண்டுகளை அரங்க நிர்வாகம் தின்றுவிட்டது. எந்தத் தொழில்நுட்பமும் அதைச் சீராக்கித் தராது.

1957இல் அமெரிக்க அரசு அவரை ஆசியச் சுற்றுப்பயணம் அனுப்பியது. இந்தியாவுக்கும் வந்தார், டெல்லியில் காந்தி நினைவிடத்தில் பாடினார். அதே ஆண்டுதான் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் போக இராணுவம் துணைக்கு வர வேண்டியிருந்தது. ஊருக்குக் காட்ட ஒரு குரல் தேவைப்பட்டது அவர்களுக்கு.

பெட்டி விலை அதிகம். வாங்கச் சொல்லவில்லை, கூடிக் கேட்கலாம். முதலில் 1945, பிறகு 1955. அந்த வரிசையில் கேளுங்கள், பிறகு பேசுவோம்.