பள்ளி செல்லும் பிள்ளையும் மலசலப் பழக்கமும்



பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் புத்தகப்பை, சீருடை, சோற்றுப்பெட்டி ஆகியவற்றைத் தவறாது தேடி வைக்கின்றனர். தானே மலசலகூடம் சென்று திரும்பும் பழக்கத்தைப் பற்றியோ பலர் நினைப்பதில்லை. அதைப் பேசுவது நாகரிகமன்று என்று கருதுவோரும் உளர். ஆயினும், காற்சட்டை நனைந்து, உடன்பிள்ளைகள் நகைக்க நின்ற சிறுவனுக்குப் பள்ளி என்றாலே அச்சம் பிறந்துவிடுகின்றது.

இப்பழக்கம் எப்போது கைகூடும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிராசல்ரன் 1170 குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்றை 1962ஆம் ஆண்டில் வெளியிட்டார். வற்புறுத்தாமல், பிள்ளை ஆயத்தமாகும்வரை பொறுத்திருந்து பழக்கியபோது, பெரும்பாலோர் இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் பகற்பொழுதில் தேறினர். இரவுக் கட்டுப்பாடு பிந்தியே வரும். ஐந்து வயதிலும் ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒருவர் படுக்கையை நனைப்பதுண்டு. அது பிள்ளையின் குற்றமன்று.

கலஹா, தெல்தோட்டை முதலிய தோட்டப்புறங்களில் தாய் கொழுந்து பறிக்கச் சென்றுவிட, சிறு பிள்ளை பகலைச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் கழிக்கின்றது. முன்னாளில் பிள்ளைக்காம்பரா என வழங்கிய இடமே அது. அங்கே ஒரு முறை, லயத்தில் பாட்டியிடம் வேறொரு முறை என்றிருந்தால் பிள்ளை குழம்பும். மூவரும் கலந்து பேசி ஒரே முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

கண்டி நகரத்தின் தொல்லை வேறு. வீட்டில் கொமட்டில் அமர்ந்து பழகிய பிள்ளை, பள்ளியில் குந்தியிருக்க வேண்டிய பீடத்தைக் கண்டு மருளும். தமிழ்ப் பிள்ளை “ஒண்ணுக்கு” என்றால், தமிழ் அறியாத ஆசிரியைக்கு அது விளங்காது. சிங்களக் குழந்தைகள் “சூ” என்கின்றனர். அந்த ஒரு சொல்லை முன்கூட்டியே கற்பித்துவிட்டால் எத்தனையோ கண்ணீர் மிஞ்சும்.

காலைப் பரபரப்பும் ஒரு பகைதான். ஏழரை மணிக்குப் பள்ளி மணி அடிக்கின்றது. உணவு உண்டதும் குடல் இயங்குவது இயற்கை. ஆகவே பிள்ளையைச் சற்று முன்னதாக எழுப்பி, உண்டபின் பத்து நிமிடம் அமைதியாக இருக்கவிடுதல் நன்று. பள்ளியின் மலசலகூடத்துக்கு அஞ்சி மலத்தை அடக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கல் உண்டாகும். நாளடைவில் அறியாமலே உடையில் கசியும். அதனைக் குறும்பென்று எண்ணி அடிப்பது பெருங்கொடுமை. நீர் அருந்தாதே என்று தடுப்பதும் தவறு.

ஆசிரியரின் கடமையும் சிறிதன்று. முதல்நாளிலேயே மலசலகூடத்தைக் காட்டி, கதவைத் திறக்கவும் கைகழுவவும் சொல்லித்தரவேண்டும். கேட்டவுடன் போகவிட வேண்டும். உடை நனைந்தால், பிறர் அறியாமல் மாற்றுடை கொடுத்து, ஒரு சொல்லும் கடியாது அமர்த்த வேண்டும். பிள்ளையே இழுத்து இறக்கக்கூடிய, பட்டியும் கொளுக்கியும் இல்லாத காற்சட்டையைத் தாயும் தெரிந்தெடுக்க வேண்டும்.

நன்கு பழகிய பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினாலோ, சிறுநீர் கழிக்கையில் வலித்தாலோ, அளவுக்கு மிஞ்சித் தாகம் கொண்டாலோ, தாமதியாது மருத்துவரிடம் காட்டுக. மற்றவற்றுக்கெல்லாம் பொறுமையே மருந்து. வயிற்றில் அச்சமின்றி வகுப்பில் அமரும் பிள்ளையின் செவியிலேயே அகரம் ஏறும்.